கம்பெனியில் இருந்து வந்தபடி

லைசென்ஸ் முடிய இன்னும் பதினாறு நாள் இருக்கும்போது, லாரியை விற்றுவிடுவது என்று கட்டையக்கா முடிவெடுத்தாள். முடிவு தன்னுடையது என்று அவள் வெளியில் சொல்லிக்கொண்டாலும், உண்மையில் எடுத்தவர் கண் டாக்டர்தான். சுவரில் மாட்டியிருந்த அட்டையின் கடைசி மூன்று வரிகளையும் அவள் தயங்காமல் கடகடவென்று ஒப்பித்தாள்.

"நீங்க படிக்கலம்மா. ஊகிக்கிறீங்க" என்றார் டாக்டர்.

"ரோட்டையும் கொஞ்ச நாளா அப்படித்தான் சார் ஓட்டிக்கிட்டிருக்கேன்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

உயரம் நாலடி எட்டு அங்குலம். அதனால்தான் லாரி நிறுத்தங்களில் மற்ற டிரைவர்கள் அவளுக்குக் கட்டையக்கா என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், கடைசியில் சரக்குச் சீட்டிலேயே அப்படி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள்.

வண்டி அவளுடைய வீட்டுக்காரருடையது. அவர் ஆறடிக்கு மேல். கல்யாணமான நாளிலிருந்து பல பயணங்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் தனியாக இருந்து என்ன செய்வது? கியர் விழும் சத்தத்தை வைத்தே அவர் சந்தோஷமாக இருக்கிறாரா, பசியில் இருக்கிறாரா, கோபத்தில் இருக்கிறாரா என்று சொல்லிவிடுவாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், மூன்று நாள் காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தார். வண்டி நான்கு மாதம் வீட்டு முன்னால் தூசி படிந்து நின்றது. விற்றுவிடு என்றார்கள் எல்லோரும். அவள் யாரிடமும் சொல்லாமல் போய்ப் பழகி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. பழகிய வண்டி சின்னது. இந்த வண்டியில் உட்கார்ந்தால் கால் பெடலுக்கு எட்டவில்லை, கண் கண்ணாடிக்கு எட்டவில்லை.

அப்போது கைகொடுத்தவன் கொழுந்தன். வீட்டுக்காரரின் ஒரே தம்பி, வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். அவளை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, தையல்காரன் மாதிரி ஒரு குச்சியால் அளந்தான். இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு கோடு, முழங்காலிலிருந்து பாதம் வரை ஒரு கோடு. ஐந்து நாளில் வண்டியை அவள் அளவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டான். மூன்று பெடல்களின் மீதும் இரும்புக் கட்டைகளை வைத்து வெல்டு போட்டான். சீட்டுக்கு அடியில் குழாய்ச் சட்டம் கொடுத்து ஐந்து அங்குலம் உயர்த்தி முன்னால் தள்ளினான். ஏறுவதற்கு டீசல் டேங்கை ஒட்டி இரண்டு படி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, பக்கக் கண்ணாடிக்கு நீளமாக இன்னொரு கை. அன்றிலிருந்து அந்த வண்டியை வேறு யாராலும் ஓட்ட முடியாமல் போயிற்று. பழுது பார்க்கும் மெக்கானிக்குகள்கூட முழங்காலைக் காதுவரை மடக்கிக்கொண்டுதான் பட்டறைக்குள் நகர்த்துவார்கள்.

வாங்க வந்தவர் தண்ணீர் கேன் கம்பெனி வைத்திருப்பவர். எஞ்சினைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கேபினில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"வண்டி அருமை. ஆனா இத ஓட்டணும்னா நான் ஆறாங்கிளாஸ் படிக்கிற பையனத்தான் வேலைக்கு வைக்கணும்."

"உயரமா இருக்கறவங்களுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம்."

"மாத்திக்கலாம் இல்லம்மா, மாத்தியே ஆகணும். பேர் மாத்தறப்ப வண்டிய நிறுத்திச் சோதனை போடறாங்க. வெல்டு வச்சு ஒட்டுனது எது கண்ணுல பட்டாலும் திருப்பி அனுப்பிடறாங்க. எல்லாத்தையும் எடுத்துட்டு, கம்பெனியில இருந்து வந்தபடி குடுங்க. வெள்ளிக்கிழமை காலையில டிரைவர அனுப்பறேன்."

பக்கத்துத் தெருவில் இருந்த வெல்டிங் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனாள். கடைக்காரர் டார்ச் அடித்துக்கொண்டு பெடலுக்கு அடியில் தலையை விட்டவர், ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"படி, கம்பி, சீட்டு எல்லாம் ஒரு நாள்ல எடுத்துடுவேன். பெடல்ல கை வைக்க மாட்டேன்."

"ஏன்?"

"போட்டவன் உயிரக் குடுத்துப் போட்டிருக்கான். கட்டையையும் தகட்டையும் உருக்கி ஒண்ணாக்கிட்டான். நான் வெட்டினா தகடும் சேந்து வந்துடும். பிரேக் பெடல் விளையாட்டு இல்ல பாருங்க. ஒருநாள் கழட்டுவோம்னு நெனச்சுப் போட்ட வெல்டு இல்ல இது. போட்டவர் உயிரோட இருக்காரா?"

"இருக்கான்."

"அப்ப அவர்கிட்டயே போங்க."

இருக்கான் என்று சட்டென்று சொல்லிவிட்டாளே தவிர, அவன் முகத்தைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கொழுந்தனுக்கு ஒரே மகள். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குக் கட்டையக்கா போகவில்லை. லோடு மாட்டிக்கொண்டது, வழியில் வண்டி நின்றுவிட்டது என்று மறுநாள் போனில் சொன்னாள். "அண்ணனோட வண்டி கெடச்சதும் அண்ணனோட மனுஷங்க வேண்டாதவங்களா ஆயிட்டோம்" என்று சொல்லி அவன் போனை வைத்துவிட்டான். அவனே கூப்பிடட்டும் என்று அவளும், அவளே கூப்பிடட்டும் என்று அவனும் இருந்தார்கள். முதல் வருஷம் ரோஷமாக இருந்தது. அப்புறம் அது பழக்கமாகிவிட்டது.

இரண்டரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். "நல்லா இருக்கியா தம்பி" என்று ஆரம்பிக்கலாம். "உன்கிட்ட ஒரு வேலை" என்றும் ஆரம்பிக்கலாம். வண்டிக்குள் சொல்லும்போது எல்லாமே நன்றாகத்தான் இருந்தது.

பட்டறை மாறவில்லை. அதே தகரக் கூரை, தூணில் சங்கிலி போட்டுக் கட்டிய சிலிண்டர்கள், எண்ணெயும் இரும்புத் தூளும் ஊறிக் கறுத்த தரை. பின்பக்கம் ஒரு ஆள் உயரச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு. கொழுந்தன் ஒரு இரும்புக் கேட்டுக்கு வெல்டு வைத்துக்கொண்டிருந்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. அவன் முதலில் அவளைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தான். ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். படியைக் காலால் ஒரு தட்டு, கம்பியைக் கையால் ஓர் இழு.

"கிளட்ச் கட்டை விட்டுடுச்சா?"

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"விடல. எடுக்கணும்."

"எடுக்கணுமா?"

"விக்கப் போறேன். கண்ணு சரியில்ல. லைசென்ஸ் குடுக்க மாட்டேங்கறாங்க."

அவன் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணைப் பார்த்தான் என்றுகூடச் சொல்லலாம். எங்கே பழுது என்று தேடுகிறவன் மாதிரி.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். கம்பெனியில இருந்து வந்தபடி வேணுமாம்."

"ரெண்டு நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றப் போய்விட்டான்.

முதலில் படியில் ஆரம்பித்தார்கள். டீசல் டேங்க் பக்கத்திலேயே இருந்ததால் அங்கே நெருப்பு ஆகாது. கிரைண்டர் போட்டாலும் பொறி பறக்கும். டேங்க் மேல் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, ஆக்சா பிளேடால் கையாலேயே அறுத்தான். தடித்த இரும்பு. அவனுக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கிற்று. கட்டையக்கா பேசாமல் கையை நீட்டினாள். அவன் பேசாமல் ரம்பத்தைக் கொடுத்தான். அப்புறம் மாற்றி மாற்றி அறுத்தார்கள். பேச வேண்டிய அவசியம் இல்லாதது இருவருக்குமே நிம்மதியாக இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் மனைவியான ஓரகத்தியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. குழாயைத் திட்டினாள், பூனையைத் திட்டினாள், மின்சாரம் போனபோது அதையும் திட்டினாள். மத்தியானம் மகளோடு போனில் பேசியது தெருமுனைவரை கேட்டிருக்கும். "யாரோ பெரிய மனுஷங்க வந்திருக்காங்க போல. வண்டிக்கு நோவு வந்தாத்தான் நம்ம வீட்டு வழி தெரியும். எனக்கென்ன, நான் எட்டிக்கூடப் பாக்கல."

கட்டையக்கா ரம்பத்தை நிறுத்தினாள். கொழுந்தன் சுவரைப் பார்த்தான்.

"அவ அப்படித்தான்" என்றான்.

"சரியாத்தானே சொல்றா."

நான்கு மணிக்கு அவன் வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தான். எட்டிப் பார்க்காதவள் பிளாஸ்க்கோடு இரண்டு டம்ளர் கொடுத்து அனுப்பியிருப்பதைக் கட்டையக்கா கவனித்தாள். இரண்டாவது டம்ளரில் சர்க்கரை போடாமல் தனியாக ஒரு பொட்டலத்தில் மடித்து வைத்திருந்தது. இவள் டீக்குச் சர்க்கரை சேர்த்துக்கொள்ளமாட்டாள் என்பது ஓரகத்திக்கு நினைவிருக்கிறது, ஒருவேளை மாறியிருந்தால் என்ற சந்தேகமும் இருந்திருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் படி, கைப்பிடிக் கம்பி, கண்ணாடிக் கை எல்லாம் கீழே வந்துவிட்டன. சீட்டுச் சட்டத்தையும் வெட்டியெடுத்தான். "வீட்டுல படுத்துக்கங்க அண்ணி" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வண்டியே போதும்" என்று அவளும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சீட்டுக்குப் பின்னால் இருப்பது பழகிய பலகைதானே. ஸ்டூல் போட்டு ஏறிப் படுத்தாள்.

மறுநாள் காலையில் கதவுக்கு வந்தான். இரண்டு கதவுகளிலும் உட்புறம் கட்டைவிரல் தடிமனுக்கு ஒவ்வொரு தாழ்ப்பாள். அவன் கிரைண்டரைக் கையில் எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

"இத விட்டுடலாமே. வெளியில தெரியாது."

"அந்த ஆளு கதவத் தொறந்துதானே பாப்பான்."

அந்தத் தாழ்ப்பாள்களை அவள் கேட்டதே இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வண்டியை எடுக்க வந்தபோது, கேட்டதெல்லாம் செய்திருந்தான், கூடவே இந்த இரண்டும் இருந்தன. "உள்ள போட்டுப் பாருங்க" என்று மட்டும்தான் அன்றைக்குச் சொன்னான். எதற்கு என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தனியாக ரோட்டோரத்தில் படுத்துத் தூங்கப்போகிற பொம்பளைக்கு எதற்கென்று தெரியாதா?

கொழுந்தன் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துத் தள்ளிப் பார்த்தான். வழவழவென்று ஓடிற்று.

"உபயோகப்பட்டுச்சா அண்ணி?"

"ஏழு தடவ."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வெளியிலிருந்து கதவுப் பிடியை யாரோ மெதுவாகத் திருகும் சத்தம், தாழ்ப்பாள் தடுத்ததும் ஒரு நொடி நிசப்தம், அப்புறம் செருப்புச் சத்தம் விலகிப்போவது. ஏழு முறையும் அவள் இரும்பு ராடைக் கையில் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறாள். ஏழு முறையும் மறுநாள் லோடு இறக்கியிருக்கிறாள். இதையெல்லாம் சொல்ல அவளுக்கு ஆள் இருந்ததில்லை. இப்போது ஒருவன் எதிரில் நிற்கும்போதுதான், ஓர் எண்ணாகவாவது அது வெளியே வந்தது.

அவன் கண்ணாடியை இறக்கிக்கொண்டான். கிரைண்டர் அலறிற்று. வெட்டி முடித்தபிறகும் கொஞ்ச நேரம் கண்ணாடியை ஏற்றவில்லை.

பெடல்களை மட்டும் வண்டியில் வைத்து வெட்டவில்லை. ஆணியைத் தட்டி எடுத்து, மூன்றையும் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்து பிடியில் இறுக்கினான். கட்டைகளின் மேல்பக்கம் தேய்ந்து கண்ணாடியாக மின்னியது. கிளட்ச் கட்டை இடதுபுறம் அதிகம் தேய்ந்திருந்தது.

"காலக் கோணலா வைக்கறீங்க" என்றான்.

"முழங்கால் வலி. ஆறேழு வருஷமா."

"டாக்டர்கிட்ட காட்டலியா?"

"வண்டிய எங்க நிறுத்திட்டுப் போறது?"

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பெடல் தகடு சூடேறி வளைந்துவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் வெட்டுவான், தண்ணீர் ஊற்றி ஆறவைப்பான், மறுபடி வெட்டுவான். ஆறவைக்கும் நேரமெல்லாம் பட்டறை அமைதியாக இருக்கும். கவிழ்த்துப் போட்ட ஒரு டப்பாவின்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். அப்படி ஓர் அமைதியில்தான் அவன் அதைச் சொன்னான்.

"அன்னைக்கு வண்டி மைதானத்து மூலையில நின்னுச்சு."

கட்டையக்காவுக்கு எந்த அன்றைக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நான் போட்ட படி எனக்குத் தெரியாதா? கல்யாண மண்டப வாசல்ல இருந்து பாத்தாலே தெரிஞ்சுது. அண்ணி வந்துட்டாங்கன்னு நெனச்சேன். டிரெஸ் மாத்திட்டு வருவாங்கன்னு நெனச்சேன். அரை மணி ஆச்சு, ஒரு மணி ஆச்சு. நானே வந்து கூப்பிடலாம்னு நடந்தேன். பாதி தூரம் வந்துட்டேன். பாத்தா நீங்க உள்ள உக்காந்திருக்கீங்க. ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு. புதுப் பொடவ கட்டிக்கிட்டு."

"கூப்பிட்டிருக்கலாமே."

"கோவம் வந்துடுச்சு. திரும்பிட்டேன். மறுநாள் நீங்க லோடு மாட்டிக்கிச்சுன்னீங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் கையைப் பார்த்தாள். சோப்பு போட்டாலும் மண்ணெண்ணெய் போட்டாலும் போகாத கறுப்புக் கோடுகள் உள்ளங்கை முழுக்க ஓடின. அன்றைக்கு ராத்திரி பகலாக ஓட்டிக்கொண்டு காலை பத்து மணிக்கெல்லாம் வந்து சேர்ந்துவிட்டாள். திரையைப் போட்டுக்கொண்டு புடவை மாற்றினாள். இறங்கினாள். மண்டப வாசலில் பெண்கள் கூட்டமாக நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைப் பார்க்கக்கூட இல்லை. அவளுக்குத் திடீரென்று கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உள்ளே போனால் யார் பக்கத்தில் உட்காருவது, என்ன பேசுவது, எப்போது சிரிப்பது? வருஷக்கணக்கில் டீக்கடைக்காரரிடமும் லோடு இறக்குகிறவர்களிடமும் தவிர அவள் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. திரும்பி வந்து வண்டியில் ஏறினாள். கொஞ்சம் கழித்துப் போகலாம் என்று இருந்தாள். மூன்று மணிக்கு மண்டபத்திலிருந்து நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டபோது வண்டியைக் கிளப்பினாள்.

"எறங்குனேன் தம்பி" என்றாள். "மூணு தடவ எறங்குனேன். பயமா இருந்துச்சு."

"பயமா? உங்களுக்கா? மலைப்பாதையில ராத்திரி வண்டி ஓட்டறவங்களுக்கு? எல்லாம் நம்ம மனுஷங்கதானே அண்ணி."

"அதான் பயம்."

அவன் ஒன்றும் புரியாதவன்போல நின்றான். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினான். புரிந்ததோ என்னவோ. "அவகிட்ட நான் சொல்லல" என்றான். "நீங்க அதுவரைக்கும் வந்துட்டுத் திரும்புனது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா இன்னும் கோவப்படுவான்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் இருவரும் ஒன்றைக் கவனித்தார்கள். பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

சுவரின் ஓரத்தில் இருந்த தகரக் கதவு திறந்தது. ஓரகத்தி ஈரக் கையோடு வந்து நின்றாள். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"மூணு தடவ எறங்குனவங்க நாலாவது தடவ எறங்கி வந்திருக்கக்கூடாதா?"

கட்டையக்கா எழுந்து நின்றாள்.

ஓரகத்தி புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்களும் பாதி வழியில திரும்புன ஆளுதானே. வாய் தொறந்து ஒரு வார்த்த என்கிட்ட சொன்னீங்களா? நான் போயி கையப் புடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன். ரெண்டு பேருமா சேந்து பதினோரு வருஷத்த வெட்டிப் போட்டுட்டு, இங்க உக்காந்து இரும்ப வெட்டிக்கிட்டிருக்கீங்க."

கொழுந்தன் பெடலுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் மும்முரமானான்.

"சாப்பாடு ஆயிடுச்சு. வந்து சாப்பிடுங்க அக்கா. கையக் கழுவிட்டு வாங்க." கட்டையக்கா கையைப் பின்னால் மறைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போகாது, தெரியும். இவரு கை மட்டும் என்ன? அந்தக் கையோடதான் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வச்சாரு. யாரு என்ன சொன்னாங்க?"

அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டாள். பேச்சு சரளமாக வந்துவிடவில்லை. ஓரகத்தி பேசினாள், மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நடுவில் பேச்சு விட்டுப்போய் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டபோது கட்டையக்காவுக்கு எழுந்து வண்டிக்குப் போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை.

சாயங்காலத்துக்குள் பெடல்களை அரம் போட்டு வழித்து, கறுப்புப் பெயின்ட் அடித்து மாட்டினான். சீட்டைப் பழைய இடத்தில் பொருத்தினான். வெல்டு இருந்த இடங்களிலெல்லாம் சிவப்புப் பூச்சு வைத்தான். வெட்டிய துண்டுகள் மூலையில் குவிந்து கிடந்தன. "என்ன பண்றது?" என்று கேட்டான். "பழைய இரும்போட போட்டுடு" என்றாள்.

"ஏறிப் பாருங்க."

ஏற முடியவில்லை. படி இல்லை, கம்பி இல்லை. முந்தின ராத்திரி அவள் ஏறிய ஸ்டூலையே அவன் மறுபடி கொண்டுவந்து போட்டான். ஸ்டூல் மேல் ஏறி, கதவைப் பிடித்துத் தொங்கி, எப்படியோ உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கின் மேல்விளிம்பு புருவத்துக்கு நேரே வந்து நின்றது. அதற்கு மேலே தகரக் கூரையும் ஒரு கீற்று வானமும்தான் தெரிந்தன. தரை எங்கேயோ இருந்தது. காலை நீட்டினாள். வெறும் காற்று. இன்னும் சறுக்கி நீட்டினாள். கட்டைவிரல் நுனி கிளட்சை லேசாகத் தொட்டது. பதினெட்டு வருஷம் குடியிருந்த வீட்டுக்குள் விருந்தாளியாக வந்து உட்கார்ந்தமாதிரி இருந்தது. இப்போது இது அவருடைய வண்டி. முதல்முதலாக அவர் வாங்கிக்கொண்டு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி. அவர் நினைவு வருமென்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் வரவில்லை. பெயின்ட் வாசனைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் கம்பெனி டிரைவர், அவள் போனில் சொல்லியிருந்தபடி, பட்டறைக்கே வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தான். எதையும் தள்ளவில்லை, எதையும் இழுக்கவில்லை.

"கச்சிதமா இருக்கே. இதுக்கு முன்ன யார் ஓட்டுனது?"

"எங்க அண்ணி" என்றான் கொழுந்தன்.

டிரைவர் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தான். பார்க்க ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. கேலி செய்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சாவியைத் திருகினான். வண்டி வளைந்து தெருவில் இறங்கிற்று. இரண்டாவது கியருக்கு மாற்றும்போது கரகரவென்று ஒரு சத்தம்.

"கிளட்ச முழுசா மிதிக்கணும்" என்றாள் கட்டையக்கா. வண்டி முனை திரும்பியிருந்தது.

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகச் சொன்னாள் ஓரகத்தி. ஒரு நாள் இருந்தாள். பஸ் ஏற்றிவிடும்போது ஓரகத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த மாசம் பொண்ணு ரெண்டாவது பிரசவத்துக்கு வர்றா. பெரியம்மாவப் பாக்கணும்னு சொல்றா. வரணும். தெருமுனை வரைக்கும் இல்ல, உள்ள வரணும்" என்றாள். பஸ் கிளம்பும்வரை கம்பியை விடவில்லை.

கட்டையக்காவின் வீடு என்பது ஒரு காம்பவுண்டின் கடைசி அறை. ஒன்பது வருஷமாக வாடகை கொடுக்கிறாள். மாதத்துக்கு ஐந்தாறு நாள் குளிக்கவும் துணி துவைக்கவும் வந்து போவாள். வந்தாலும் வண்டியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு இருட்டில் வருவாள், இருட்டிலேயே போய்விடுவாள். சுவரில் இரண்டு வருஷத்துக்கு முந்திய காலண்டர் தொங்கியது. கட்டிலில் படுத்தால் இடமும் வலமும் கை நீட்ட இடம் இருந்தது. அவ்வளவு இடத்தில் எப்படிப் படுப்பதென்று தெரியாமல் சுவரோரம் ஒடுங்கிப் படுத்தாள். எஞ்சின் சூடு இல்லாததால் கால் சில்லிட்டது. விடிகாலை நான்கு மணிக்கு விழித்துக்கொண்டு எங்கே போகவேண்டும் என்று யோசித்தாள். எங்கேயும் போகவேண்டியதில்லை.

மூன்றாவது நாள் காலை குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முற்றத்துக் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது. எதிர் அறைப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அவளைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

"புதுசா குடி வந்திருக்கீங்களா?"

கட்டையக்கா ஒன்பது வருஷத்தைச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் நிறையச் சொல்லவேண்டியிருக்கும். கையில் குடம் இருந்ததால், கையை எங்கே வைத்துக்கொள்வது என்ற கவலை இல்லை.

"ஆமா" என்றாள். "தண்ணி எத்தன மணிக்கு வரும்?"